பத்தொன்பது பேருக்கும் ஒரே பூஞ்சை

பூஞ்சை ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட விரும்புவதில்லை. அதனால் கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று விசாரித்தால், ஆஸ்பத்திரியில் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதையும் மீறித் துருவுகிறவர்களிடம் படர்தாமரை, நகச்சொத்தை என்று விளக்க ஆரம்பித்தால், அடுத்த நிமிடமே சட்டைக் காலரை விலக்கி, "இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். (ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில் நான் பார்த்த கழுத்துகளுக்குக் கணக்கே இல்லை.) இவ்வளவு பெரிய நிபுணர், ஒரு ஷூ கம்பெனி கேன்டீனில் பூஞ்சை எது என்றே தெரியாமல் நின்ற கதையை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் படர்தாமரை ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது, எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் திட்டம். என் பங்கு ரொம்ப எளிது. ஆம்பூருக்கு பஸ் ஏற வேண்டும். படையின் ஓரத்தில் மொட்டை பிளேடால் லேசாகச் சுரண்டி, உதிர்கிற செதிலைக் கறுப்புக் காகிதத்தில் மடித்துக்கொள்ள வேண்டும். வேலூர் திரும்பி, அதைக் கண்ணாடித் தட்டில் இட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். நிதானமான ஆள் செய்யவேண்டிய வேலை. என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கம்பெனியில் என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, எம்.எஸ்ஸி. படித்தவள். (திருத்தியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்ததால் திருத்தவில்லை.) டாக்டரம்மாவுக்குத் தகுந்த மாதிரி ஒரு பை வேண்டாமா? வேலைக்குச் சேர்ந்தபோது பேர்ணாம்பட்டு மாமா மிச்சத் தோலில் தைத்துக் கொடுத்த அழகான பை ஒன்று இருந்தது. மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று ஆக்கினேன். ஆயுசு முழுக்கத் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த என் அப்பா அன்று வீட்டில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார். பத்தொன்பது பெண்களிடம் எடுத்த செதில், பத்தொன்பது கறுப்புக் காகிதப் பொட்டலங்கள், எல்லாமே அந்தப் பையில்தான் வேலூருக்குப் பயணம் செய்தன.

நான்காம் நாள் தட்டுகளைப் பார்த்தேன். பத்தொன்பதிலும் பச்சைப் பொடி, பாசிப்பயறு மாவைத் தூவிவிட்ட மாதிரி. படர்தாமரைப் பூஞ்சை முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும், முளைத்தால் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். கொஞ்சம் மூளை உள்ளவள் என்றால், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள். எனக்கோ புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று தோன்றியது. படர்தாமரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை அதன்மேல் சோதித்தேன். பூஞ்சை அசையவே இல்லை. அந்த மாத்திரை இந்தப் பச்சைப் பூஞ்சையை எந்தக் காலத்திலும் ஒன்றும் செய்ததில்லை என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் நடத்திய அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை போலிருக்கிறது.

என் பேராசிரியர் டெல்லியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வர மூன்று நாள். உலகத்தை உலுக்கப்போகிற கண்டுபிடிப்பை மூன்று நாள் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று கம்பெனி மேனேஜருக்கு போன் போட்டேன். மருந்துக்கு அடங்காத புது வகை, பத்தொன்பது பேருக்கும் ஒரே பூஞ்சை என்று மூச்சு விடாமல் சொன்னேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பரவுமா மேடம்?"

வாய்ப்பு இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை, விளக்கம் கொடுக்கத் தட்டுகளோடு கம்பெனிக்குப் போனேன். வாசலிலேயே பத்தொன்பது பெயர்களும் ஒட்டியிருந்தன. முழுக்கக் குணமாகி, சர்டிபிகேட் கொண்டுவரும்வரை வேலைக்கு வரக்கூடாதாம். அடுத்த வாரம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்கள் பார்வையிட வருகிறார்கள், தோல் வியாதி என்று தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று மேனேஜருக்குப் பயம். அவர்களில் பாதிப் பேர் கான்ட்ராக்டில் இருப்பவர்கள். இன்று வீட்டுக்குப் போனால் நாளை அவர்கள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், பிறகு எந்த சர்டிபிகேட்டும் அந்த இடத்தை வாங்கித் தராது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் தட்டுகள் கையில் இருந்தன, கேன்டீனில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பேசினேன்.

சுவரோரம் நின்ற பத்தொன்பது பேரில் ஒருவர் ஜபீன் அக்கா. என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். லெதர் செக்கிங் பிரிவில் வேலை. வருகிற தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கெட்டதைக் கழித்துப் போடுகிறவர். நான் மூன்றாவது தடவை "உலகத்திலேயே" என்று ஆரம்பித்தபோது முன்னால் வந்து தட்டைக் கேட்டார். டேப் ஒட்டி மூடிய தட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்.

"இது எங்க ஒடம்புல வர்றது இல்ல டாக்டரம்மா. மழை நாள்ல குடோன்ல தோலுக்கு வர்ற பூசணம். டெய்லி பாக்குறோம்."

மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று நான் விறைப்பாகப் பதில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நாங்க செக்கிங்ல ஒரு நல்ல பீஸ பக்கத்துல வெச்சுக்கினுதான் மத்ததப் பாப்போம். இல்லன்னா கெட்டது எதுன்னு எப்டி தெரியும்? உங்க நல்ல பீஸ் எங்க?"

எங்கள் வேலையிலும் ஒரு நல்ல பீஸ் உண்டு. எதுவும் வைக்காத வெறும் பொட்டலம் ஒன்றையும் மற்றதோடு சேர்த்துக் கொண்டுபோய், அதையும் தட்டில் இட்டுப் பார்க்க வேண்டும். அதில் எதுவும் முளைக்காவிட்டால்தான் மற்றவற்றில் முளைத்ததை நம்பலாம். ஆராய்ச்சியின் முதல் பாடமே அதுதான். ஒரு தட்டு மிச்சமாகட்டும் என்று நான் அதைச் செய்யவில்லை.

பொட்டலங்களை எதில் கொண்டுபோனேன் என்று கேட்டார். பையைக் கொடுத்தேன். உள்பக்கத்தைப் புரட்டி, தையலோரம் நகத்தால் ஒரு கீறு கீறி, விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பச்சை.

"அடப்பாவமே, பையிக்குத்தான் படை வந்துக்குது" என்றார் பின்னாலிருந்து ஒரு பெண். கேன்டீனே சிரித்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தின் கடிதம் இல்லாமல் இவர்களை லைனில் உட்கார வைக்க முடியாது என்றார். ஜபீன் அக்கா விடவில்லை. தப்பு டாக்டரம்மாவுடையது, நாங்கள் ஏன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார். கடைசியில் பெயர்ப் பட்டியலைக் கிழித்தார்கள். கடிதம் வரும்வரை பத்தொன்பது பேரும் வருகைப் பதிவோடு கேன்டீனில் இருக்கலாம், சமையலுக்குக் கூடமாட உதவலாம் என்று முடிவானது. ஷூவைத் தொட்டால் ஆபத்தாம், சாம்பாருக்குக் காய் நறுக்கினால் பரவாயில்லையாம். (என் அறிவைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை உண்டு. அந்த மேனேஜருக்கு மட்டும் இல்லை.)

பேராசிரியர் திரும்பி வந்ததும் போய் அழுதேன். அவர் திட்டவில்லை. வெறும் பொட்டலம் ஒன்றை அதே பையில் வைத்து ஆம்பூருக்குப் போய்வரச் சொன்னார். அந்தப் பொட்டலத்திலிருந்தும் பச்சை வந்தது. பிறகு கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். தப்பு எப்படி நடந்தது என்று என் கைப்படவே எழுதவைத்து, என் கையெழுத்தை மேலே போடச் சொல்லி, அவர் கீழே போட்டார். பத்தொன்பது பேரும் தங்கள் மெஷினுக்கும் மேசைக்கும் திரும்பிய அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. அவர்கள் இருந்த நாட்களில் கேன்டீன் சாம்பார் அருமையாக இருந்தது என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

ஆனால் ஆராய்ச்சிக்கு மறுபடி செதில் வேண்டுமே? எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு போய் கேன்டீன் ஓரத்தில் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்து, கூட்டம் கலையப்போகும் நேரத்தில் ஜபீன் அக்கா வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, முழங்கைப் படையை நீட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெறும் பொட்டலம் ஒன்றை முதலில் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் பிளேடை எடுத்தேன்.

இந்தத் தடவை முளைத்தது சாதாரணப் படர்தாமரைதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தடவிய, ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களால் அரிப்பு அடங்கியது, உள்ளுக்குள் பூஞ்சை செழித்தது. அவற்றை நிறுத்தி, சரியான மருந்தைச் சரியான காலம் கொடுத்தபோது மெல்ல மெல்லக் குணமானார்கள். அங்கிருந்துதான் என் ஆராய்ச்சியும் பட்டமும் வேலையும் எல்லாம் வந்தன. இன்று என்னை நிஜமாகவே டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள் என்றால், அன்று நீண்ட அந்தக் கைதான் காரணம். அது வராமல் போயிருந்தால் நான் இன்று வேறு ஏதோ வேலையில் இருந்திருப்பேன்.

வீட்டிலும் இந்தக் கதை என்னை விட்டுவைக்கவில்லை. பால் கெட்டுவிட்டது என்று நான் சொன்னால்கூட, "நல்ல பீஸ் வெச்சுப் பாத்தியா?" என்று என் கணவர் கேட்பார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த வெறும் தட்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஜபீன் தட்டு. போன மாதம், உறவினர் ஒருவரைப் பார்க்க வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்த ஜபீன் அக்கா அப்படியே எங்களையும் பார்க்க வந்தார். என் மாணவி பெருமையாக அவர் பெயர் எழுதிய தட்டை எடுத்துக் காட்டினாள். அக்கா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா இது, என் பேரு வெச்ச தட்டுல ஒண்ணுமே மொளைக்கல?"

அதில் ஏதாவது முளைத்துவிட்டால் மற்ற தட்டுகள் அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம், அதைப் பார்க்காமல் இங்கே நான் உட்பட யாரும் எதையும் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது என்று விளக்கினேன்.  அக்கா தட்டை என் மாணவியிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப டெய்லி என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உங்க டாக்டரம்மா வாயத் தொறக்கணும்னு சொல்லு."