பக்கத்துக்கு ஒரு ஆழாக்கு

பேக்கிங் ஷெட்டின் தரையில் ஒரு அரிசி கிடந்தது.

ஒரே ஒரு அரிசி. வேறு எந்த இடத்திலும் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். யோகேஸ்வரி நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், கழுத்து வியர்வையைத் துடைப்பது போல முந்தானையைத் தூக்கி, இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் இருந்த கனம் இப்போது இல்லை போலத்தான் இருந்தது.

"போச்சு, ஓட்டை விழுந்துட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அரிசியைக் காலால் மறைத்தாள்.

விஸ்வநத்தத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். பதினாறு வருஷ சர்வீஸ். அவள் கண்ணை உருட்டினால் நாற்பது பெண்கள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ரவிக்கைக்குள் பக்கத்துக்கு ஒரு ஆழாக்கு இட்லி அரிசியோடு நிற்கிறாள் என்றால், அதற்குக் காரணம் விருதுநகர் நர்ஸ்.

மாதம் ஒரு வியாழக்கிழமை மதுரையிலிருந்து விருதுநகருக்கு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வருவார். மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்க யோகேஸ்வரி டோக்கன் வாங்கியிருந்தாள். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த டோக்கன். நாளைக்குக் காலை பத்து மணி. என்னென்ன தயார் செய்துகொண்டு வர வேண்டும் என்று போன வாரம் நர்ஸ் போனில் சொன்னாள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், பழைய ஸ்கேன் இருந்தால் அது, கேட்க நினைக்கும் கேள்விகள் ஒரு தாளில். கடைசியாக இன்னொன்று.

"ரெண்டு சின்னப் பையில அரிசியைக் கட்டி உள்ள வச்சுப் பாருங்கக்கா. எம்புட்டு அளவு வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிரும். சும்மா கண்ணாடி முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னுட்டுக் கழட்டிராதீக. ஒரு நாள் முழுக்க வழக்கமா பாக்கிற வேலையைப் பாருங்க. முதுகு வலிக்கா, கழுத்து இழுக்கான்னு எழுதிட்டு வாங்க. டாக்டர் கேப்பாரு."

யோகேஸ்வரி வழக்கமாகப் பார்க்கிற வேலை இங்கேதான். அதனால் அரிசியும் இங்கே வந்தது. கம்பெனிக்குள் நைலான், பாலிஸ்டர் எதுவும் கூடாது. உரசினால் பொறி வரும். ஆகவே புருஷனின் பழைய வேட்டியைக் கிழித்துப் பருத்திப் பை தைத்தாள். டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து வாசல் சோதனையைத் தாண்டினாள். பாத்ரூமில் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். சாயங்காலச் சோதனைக்கு முன்னால் கழற்றிவிட்டால் காரியம் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'காலண்டர் அட்டை' என்று பட்டப்பெயர். கல்யாண ரவிக்கைக்கு டெய்லர் யாரையும் கேட்காமலே மூன்று மடிப்பு லைனிங் வைத்தார். புருஷன் நல்ல மனுஷன். "எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒனக்கு வேணும்னா போயிட்டு வா" என்றான். அவனுக்காக இல்லை. முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டிருந்தாள். அது வெளியே தெரிந்தால் விஸ்வநத்தம் தொடங்கி ஆனைக்குட்டம் வரை சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்ட சிரிப்பை மறுபடியும் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"காலுக்கடியில என்னக்கா?"

மேனேஜர் மணிகண்டராஜ் நின்றிருந்தான். முதலாளியின் அண்ணன் மகன். வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பாதுகாப்புப் பயிற்சியை முடித்த சூட்டோடு வந்தவன், தூசியைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தை விசாரிப்பான்.

"ஒண்ணுமில்ல சார்."

"காலை எடுங்க."

எடுத்தாள். அவன் மூன்றடி பின்னால் போனான்.

"வெள்ளையா இருக்கு! வெடியுப்பா? போர்மேனைக் கூப்பிடுங்க!"

போர்மேன் பெத்தணன் வந்து குத்தவைத்துப் பார்த்தார். "அரிசி சார்."

"எப்படிச் சொல்லுதீக?"

"மூணு வேளையும் அதைத்தான் திங்கேன் சார்."

"அரிசி மாதிரி இருந்தா அரிசின்னு முடிவு பண்ணிரலாமா? வெடிமருந்துன்னு நினைச்சுத்தான் நடந்துக்கிடணும். எல்லாரும் வெளிய வாங்க! நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது. பாத்ரூம்கூடக் கிடையாது."

கழற்றுவதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது. நாற்பது பெண்களும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அரிசிக்கு அடியில் யோகேஸ்வரியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"வேற எங்கயும் கிடக்கான்னு பாப்போம். யோகேஸ்வரிக்கா, நீங்க வாங்க. இங்க நம்பிக்கையான ஆளு நீங்கதான்" என்றான் மணிகண்டராஜ்.

கிடந்தது. குழாயடியில் மூன்று. பாத்ரூம் படியில் அரைப் பிடி. பசை ஒட்டும் ஷெட்டின் வாசலில் ஏழு. ஸ்டோர் பக்கம்கூட நாலு அரிசி இருந்தது. ஸ்டோருக்கு அவள் திங்கட்கிழமைக்குப் பிறகு போகவே இல்லை. வெறுங்காலில் ஒட்டிக்கொண்டு யார் மூலமாவது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

மேலும் சிந்தாமல் இருக்க இடது முழங்கையால் இறுக்கிக்கொண்டாள். வலது பக்கம் மேலே ஏறியது. வலதைச் சரிசெய்தால் இடது இறங்கியது.

"யம்மா, இடது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டே நடக்கீகளே, நெஞ்சு வலியா?" என்றார் பெத்தணன்.

"வாய்வுதான் அண்ணாச்சி."

மணிகண்டராஜ் துள்ளினான். "இடது பக்கமா? வாய்வுன்னு விட்டுராதீக! வண்டியை எடுக்கச் சொல்லுதேன். ஆஸ்பத்திரியில நெஞ்சுல மிஷினை வச்சுப் பாத்துருவோம்."

"வேண்டாம் சார்!"

"ஏன் வேண்டாம்?"

"வலி போயிட்டு சார். இப்பத்தான் போச்சு. பாருங்க!"

நிரூபிப்பதற்காகக் குனிந்து கால் விரலைத் தொட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது இரண்டு பைகளும் கழுத்தெலும்பில் வந்து நின்றன. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சித்திரை வெயிலில் ஏன் போர்த்துகிறீர்கள் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

இப்படியே போனால் நேரே தன்னிடம்தான் வந்து நிற்பார்கள் என்று தெரிந்துவிட்டது. முந்திக்கொள்வது நல்லது என்று நினைத்தாள்.

"சார், அது என் சாப்பாட்டுல இருந்து சிந்துனது."

மணிகண்டராஜ் அவளுடைய டிபன் கேரியரைக் கொண்டுவரச் சொல்லித் திறந்தான். மேல்தட்டில் எலுமிச்சைச் சாதம் மிச்சம் இருந்தது.

"இது வெந்திருக்கு. அது வேகலையே?"

"குருவிக்குப் போட்டேன் சார்" என்றாள் அவசரமாக.

மரத்தடியில் யாரோ பெரிதாகப் பெருமூச்சு விட்டார்கள். பசை ஒட்டும் ஷெட்டுப் பெண் பிரீத்திகா. அவளைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பெருமூச்சுகள். பிரீத்திகா கண் கலங்க யோகேஸ்வரியைக் கையெடுத்துக் கும்பிட்டது போலக்கூட இருந்தது. கேலி செய்கிறாள் என்று யோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பட்டாசுக் கம்பெனிக்குள்ள குருவி வளக்கீகளா? மிச்ச அரிசி எங்க?"

"தீந்துட்டு சார்."

"கொண்டுவந்த பை?"

"அதுவும்..."

"அதையும் குருவியே தூக்கிட்டுப் போயிட்டாக்கும்?"

யோகேஸ்வரி முந்தானையை இன்னும் இறுக்கினாள். மணிகண்டராஜ் அரிசிக் கணக்கை எழுதி வந்த நோட்டை மூடினான்.

"நீங்க எதையோ மறைக்கீக. எல்லாரையும் வாசல்ல நல்லாச் சோதனை போட்டுத்தான் வெளிய விடணும். நீங்க கடைசி. சுத்தம்னா நாளைக்கு நீங்க கேட்ட லீவுல போங்க. ஏதாச்சும் சிக்குச்சுன்னா லீவு கிடையாது. காலையில பத்து மணிக்கு எல்லாரும் பாக்கச் சித்தப்பா முன்னாடி நின்னு விளக்கம் சொல்லணும். நாளைக்கு உங்களைத் தவிர இன்னும் அஞ்சு பேரு லீவு கேட்டிருக்காக. என்ன முகூர்த்தமோ தெரியல."

பத்து மணி! அவள் டோக்கன் நேரம். இதை விட்டால் இன்னும் இரண்டு மாதம். இல்லை, நாற்பது பேர் முன்னால் அரிசிக்கு விளக்கம் சொன்ன பிறகு டாக்டரிடம் போவதற்கு முகம் ஏது?

வாசல் சோதனை செல்லக்கனியின் ராஜ்யம். ஐம்பத்தைந்து வயது, இரும்புக் கை. கொண்டைக்குள் ஒளித்த தீக்குச்சியை முகர்ந்தே கண்டுபிடித்தவள். முதலாளி வீட்டம்மா வந்தபோது அவர் தலையில் இருந்த இரும்புக் கொண்டை ஊசியையே கழற்றி வாங்கி வைத்துக்கொண்டவள். துணித் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் அரை நிமிஷத்தில் வந்தார்கள். சிலருக்கு ஐந்து நிமிஷம் ஆனது. பிரீத்திகா குனிந்த தலை நிமிராமல் வெளியே வந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

யோகேஸ்வரி வெயிலில் நின்று காத்திருந்தாள். வியர்வை குடித்த அரிசி, இன்னும் ஒரு மணி நேரம் போனால் மாவுக்கு ஆட்டிவிடலாம் என்கிற பதத்துக்கு வந்துவிட்டது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன், நெஞ்சில் அரிசி சுமக்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அம்மன் கோபித்துக்கொள்வாளே என்று அதையும் விட்டாள்.

"அடுத்து" என்றாள் செல்லக்கனி.

திரைக்குள் போனாள்.

"கையைத் தூக்கு."

தூக்கினாள். செல்லக்கனியின் கை இடுப்பிலிருந்து மேலே வந்தது. வந்த கை நின்றது.

"இது என்ன?"

"அரிசி யக்கா."

"என்ன அரிசி?"

"இட்லி அரிசி" என்று சொல்லும்போதே யோகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. "யக்கா, சத்தியமா நான் எதையும் களவாங்கல. எனக்குன்னு ஒண்ணு ஆசைப்பட்டேன். அதுக்காகத்தான் இது. நாளைக்குப் பத்து மணிக்கு நான் விருதுநகர்ல இருக்கணும். என்னைக் காட்டிக் குடுத்துராதீக. நாலு பேரு சிரிச்சா நான் தாங்க மாட்டேன்."

செல்லக்கனி திரையை இழுத்து மூடினாள். ஒரு பையை வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள். அடுத்த பையையும் அப்படியே பார்த்தாள்.

"என்ன செல்லக்கனி, இம்புட்டு நேரம்? சிக்குச்சா?" என்று வெளியிலிருந்து மணிகண்டராஜ் குரல் கொடுத்தான்.

"ஒண்ணுமில்ல சார்! சுத்தமா இருக்கா!"

பதில் சொல்லிவிட்டு, இரண்டு பைகளையும் யோகேஸ்வரியின் டிபன் கேரியரில் போட்டு மூடினாள் செல்லக்கனி. கொட்டாவியை அடக்கிக்கொண்டு அவள் காதருகில் குனிந்தாள்.

"தையலு கெட்டியாத்தான் போட்டிருக்க தாயி, உன்னுதுல ஒரு மணி சிந்தல. இன்னைக்கு அரிசியோட வந்தவளுகள்ல நீ ஆறாவது ஆளு."