தொடமாட்டேன் என்ற புத்தகம்

சம்பூர்ணத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஜமுனாமரத்தூரில், திருப்பத்தூர் பஸ்ஸின் ஜன்னலில். மகள் காந்தா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இருமலுக்கு நடுவே, "நான் வர்றதுக்குள்ள புளியத் தட்டி வையுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்று சிரித்தாள் என் பெண்டாட்டி.

அந்தப் பழக்கம் வந்த கதை இது.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும், நானே கற்றது. அந்தத் திமிர் நிறைய உண்டு.

எண்பத்தொன்றில் காந்தா ஐந்தாம் வகுப்பு. திணறாமல் வாசித்தால்தான் மலைக்குக் கீழே விடுதிப் பள்ளியில் இடம் என்றார்கள். நானே புத்தகம் தேர்ந்தெடுத்து அவளை வாசிக்க வைப்பது என்று சபதம் செய்தேன். திருப்பத்தூர் போய், கடைக்காரர் கொட்டாவி விடும்வரை புரட்டி, கனமான ஒழுக்க நூல் ஒன்று வாங்கிவந்தேன். காந்தா அதைத் தலைக்கு வைத்துத் தூங்கினாள்.

சம்பூர்ணம் சந்தைக்குப் போனாள். ஒரு படி சாமை கொடுத்து, அட்டை கிழிந்த கதைப் புத்தகம் கொண்டுவந்தாள்.

"படிக்கத் தெரியாம எப்டிடி பொறுக்குன?"

"கடைக்காரன மொதப் பக்கம் படிக்கச் சொன்னேன். பாதியில நிறுத்திட்டான். அப்புறம் இன்னா ஆச்சுன்னேன். வாங்கிக்கினு போய்த் தெரிஞ்சிக்கன்னான்."

"குகை, திருடன், பேய்! இந்தக் கண்றாவிய நான் கையால தொடமாட்டேன்."

"சாமி மேல சத்தியமா?"

"சத்தியமா!"

"நான் சாட்சிண்ணா" என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள்.

மறுநாள் புளி தட்டினார்கள். கொட்டை எடுக்கும் பெண்களுக்கு நடுவே காந்தா சத்தமாக வாசித்தாள். திணறினாள், ஆனால் நிறுத்தவில்லை. குகைக்குள் போன சிறுமியின் விளக்கு அணைந்தது. நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். காது மட்டும் நகரவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"புளி தட்ற எடத்துல சும்மா நிக்கக் கூடாது. குந்துங்க." சம்பூர்ணம் கட்டையை நீட்டினாள்.

குந்தினேன். தட்டினேன். சிறுமி விளக்கை ஏற்றினாள். அவளுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

"போதும் பாப்பா, மூடு. மீதி நாளைக்கு" என்றாள் சம்பூர்ணம்.

"இன்னாடி அநியாயம்! நிக்கறது யாரு?"

"புஸ்தகம் அங்கதான கீது. எடுத்துப் பாத்துக்குங்க."

"ண்ணா, சத்தியம்!" என்றாள் வெள்ளையம்மாள்.

விடிந்ததும் கட்டையோடு முதலில் உட்கார்ந்தவன் நான். கதை முடிந்தபோது காந்தா தடையில்லாமல் வாசித்தாள். பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த வருஷப் புளி முழுக்க நான் தட்டியது. அடுத்த வருஷம் அவள் வேறு கதை வாங்கிவந்தாள்.

அந்த முதல் புத்தகம் இப்போது என் தகரப் பெட்டியில் இருக்கிறது. காந்தா வைத்தது. நான் இன்னும் தொடவில்லை.