உறை மோருக்கு விளக்குப் பிடித்தவன்

பாதி படித்தவனைச் சமையலறைக்குள் விடக்கூடாது. முழுதாகப் படித்தவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். ஒன்றும் படிக்காதவன் சொன்னதை மட்டும் செய்வான். பாதி படித்தவன்தான் தயிர்க் கிண்ணத்தைத் திறந்து பார்த்து யோசிப்பான்.

எண்பதுகளின் நடுவில் நான் அப்படி யோசித்தேன். அப்போது கோலாலம்பூரில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவன். வீடு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். அக்கா சாந்திக்கும் அவளுடன் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த மோகனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. எங்கள் வீட்டில் சம்மதம். பாக்கி இருந்தவர் மோகனின் அப்பா, கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"அவங்கப்பா சாம்பார், பாயசம் எதையும் கண்டுக்க மாட்டாராம்மா. கடைசியா தயிர்சாதம் சாப்பிட்டுட்டுத்தான் அந்த வீட்டப் பத்தியே பேசுவாராம்," என்றாள் அக்கா.

அம்மா கவலைப்படவில்லை. அம்மாவின் தயிரைக் கத்தியால் வெட்டலாம். கவலைப்பட்டவன் நான் (யாரும் கேட்கவில்லை).

"அம்மா, நம்ம உறை மோர்ல நல்ல பாக்டீரியாவோட கண்ட கிருமியும் இருக்கும். லேப்ல சுத்தம் பண்ணிக் கொண்டாரேன்."

"இத்தன வருசமா அதத்தானேடா தின்னு வளர்ந்த?"

"அதனாலதாம்மா சொல்றேன்."

ஆய்வுக்கூடத்தில் ஒரு புற ஊதா விளக்கு இருந்தது. கிருமிகளைக் கொல்லும் விளக்கு. புதிய கண்ணாடித் தட்டில் உறை மோரை மெல்லிசாக ஊற்றி, நல்ல பாக்டீரியா மட்டும் தப்பிக்கும் அளவுக்குக் கணக்குப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கடியில் வைத்தேன். தட்டின் மேல் தேதியும் பெயரும் எழுதி ஒட்டினேன். பெயர்: 'அம்மா'.

வீட்டுக்கு வந்ததும் பழைய தயிர் முழுவதையும் மோர்க்குழம்பாக்கச் சொன்னேன். கிண்ணங்களைக் கொதிநீரில் கழுவ வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வரிசையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கரண்டி சுத்திகரித்த உறை மோரைக் கொடுத்து, அவர்கள் கிண்ணங்களையும் பக்கத்தில் நின்று கழுவ வைத்தேன். "படிச்ச புள்ள சொல்லுது லா," என்று பக்கத்து வீட்டு லெட்சுமி ஆன்டி பெருமையாக வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை அம்மா, முந்தைய இரவு அந்த மோரை உறை ஊற்றி வைத்த பானையைத் திறந்தார். பால் பாலாகவே இருந்தது. ஆட்டினால் ஆடியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"லெட்சுமி வீட்ல ஒரு கிண்ணம் வாங்கிட்டு வாடா," என்றார் அம்மா.

லெட்சுமி ஆன்டி எங்கள் வாசலிலேயே நின்றார், கையில் ஆடும் பாலுடன். அவருக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்காரர்களும் கிண்ணங்களோடு. "தம்பி, உங்க காலேஜ்ல படிச்சாத்தான் பட்டம் குடுக்குறாங்களா, இல்ல சும்மாவா?"

அந்தக் கிண்ண ஊர்வலத்தின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. பாக்டீரியாவுக்கும் வைரஸ் உண்டு. சில வைரஸ்கள் உள்ளே நுழைந்ததும் கொல்வதில்லை. தங்கள் மரபணுவைப் பாக்டீரியாவின் மரபணுவுக்குள் செருகிவிட்டுத் தூங்கும். ஒரு புரதம் அந்த மரபணுக்களின் ஸ்விட்சை அழுத்திப் பிடித்து அணைத்தே வைத்திருக்கும். புற ஊதா ஒளி பட்டுப் பாக்டீரியாவின் மரபணு சேதமானால், உள்ளே அபாய மணி அடிக்கும். அந்தக் களேபரத்தில் காவல் புரதம் அறுபட்டுப்போகும். ஸ்விட்ச் விழும். வைரஸ் விழித்து, நூறாகப் பெருகி, வீட்டுக்காரனை வெடித்துக்கொண்டு வெளியேறி, அக்கம்பக்கத்தையும் தேடிப்போகும். பாலை உறைய வைக்க ஒரு பாக்டீரியாவும் மிஞ்சாது.

இதை நான் எங்கோ படித்து மறந்திருந்தால் மன்னிக்கலாம். இதுதான் என் ஆய்வுத் தலைப்பு. தினமும் அதே விளக்கில், அதே வைரஸ் வகைகளை எழுப்புவதுதான் என் வேலை. தயிரிலும் பாக்டீரியாதான் இருக்கிறது என்று அம்மாவுக்கு வகுப்பெடுத்தவன், அந்தப் பாக்டீரியாவுக்குள்ளும் ஆள் தூங்கலாம் என்று நினைக்கவில்லை.

மினி மார்க்கெட்டுக்கு ஓடினேன். தயிர் இருந்தது. ஸ்ட்ராபெரி தயிர் மட்டும். இருந்த டப்பாக்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

"என்னடா இது, ரோஸ் கலர்ல இருக்கு?"

"உள்ள அதே பாக்டீரியாதாம்மா."

"இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்த, கரண்டி பறக்கும்."

வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. அம்மா வேறு வழியின்றிச் சாதத்தைக் குழைத்து, உப்புப் போட்டு, கடுகும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார்.

கிள்ளான் பெரியவர் சாம்பாரையும் பாயசத்தையும் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு இலையில் இளஞ்சிவப்பாக ஒரு குன்று விழுந்தது. அவர் நிமிர்ந்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்னம்மா?"

"தயிர்சாதங்க," என்றார் அம்மா, கண் இமைக்காமல். "நல்ல காரியத்துக்கு எங்க வீட்ல வெள்ளையா வைக்க மாட்டோம். மங்களகரமா செவப்புலதான்."

பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். மிளகாயைக் கடித்தார். மறுபடியும் ஒரு வாய்.

"நான் கேள்விப்படாத வழக்கமா இருக்கே."

"எங்க மாமியார் காலத்துலேர்ந்து," என்றார் அம்மா. (அந்தக் காலத்தில் பாட்டி ஸ்ட்ராபெரியைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.)

"இன்னும் கொஞ்சம் வைங்க," என்றார் பெரியவர். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "பழக்கவழக்கத்த விடாத வீடு. பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தும் இத விடக்கூடாது."

அவள் விடவில்லை. விட முடியவில்லை. கிள்ளானில் அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் அக்கா இளஞ்சிவப்புத் தயிர்சாதம் தாளித்தாள். போன மாதம் செராஸில் அவள் மகளின் நிச்சயதார்த்தம். இலையைப் பார்த்துத் திகைத்த புதுச் சம்பந்தியிடம், "பரம்பரை வழக்கங்க," என்றாள். அப்படியே அம்மாவின் முகம்.

எனக்கும் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அக்கா வீட்டுச் சமையலறைப் பக்கம் நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் உள்ளிருந்து அவள் மகளின் குரல் வரும்.

"லைட்ட அணைங்க, மாமா வராரு. தயிர் தூங்குது."

நான் இருட்டில் தட்டுத் தடுமாறித்தான் தண்ணீர் குடிக்கிறேன்.