இன்டர்நெட் தெரியாத ஆள்

‘நீங்கள் இன்டர்நெட் பயன்படுத்துகிறீர்களா?’ என்பது கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்த ஆய்வு ஃபார்மில் முதல் கேள்வி. ‘ஆம்’ என்று டிக் அடித்தால் அடுத்த ஆறு பக்கங்களில் நாற்பத்தாறு கேள்விகள். ‘இல்லை’ என்று அடித்தால் நேராகக் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

உச்சிமாகாளி கேன்டீன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். இருங்காட்டுக்கோட்டை போகும் கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். ‘இல்லை’ என்று டிக் அடித்தான், கையெழுத்துப் போட்டான், ஓடினான்.

ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்த உடனே ஃபோனை எடுத்து ஃபேஸ்புக்கைத் திறந்தான். சங்கரன்கோவிலிலிருந்து கனகலட்சுமி மூன்று செய்தி அனுப்பியிருந்தாள். தை மாதம் அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம்.

இது 2013-இல், ஒரகடத்தில் கார் கதவுக்குப் பூட்டு செய்யும் ஒரு கம்பெனியில் நடந்தது.

பத்து நாள் கழித்து எச்.ஆர். மேனேஜர் கோதண்டம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவன். முப்பது வருஷ வேலையில் பாதியை ‘இணையமும் சமூகமும்’ என்ற ஆராய்ச்சிக்கே செலவழித்தவர். இன்னொருவர் டாக்டர் அம்சவல்லி, உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளர்.

“நானூத்திப் பன்னெண்டு பேர் ஃபார்ம் குடுத்தாங்க. நெட்டே தொடாத ஆளு நீ ஒருத்தன்தாம்ப்பா” என்றார் கோதண்டம்.

உச்சிமாகாளி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான்.

“பர்மனென்ட் லிஸ்ட் என் டேபிள்லதான் இருக்கு. உன் பேர்ல எனக்கு ஒரு சின்ன யோசனை இருந்துது. இப்ப இல்ல. இந்த மாதிரி பசங்கதான் நமக்கு வேணும்.”

உச்சிமாகாளி வாயை மூடிக்கொண்டான்.

பேராசிரியர் நோட்டைத் திறந்தார். “ரயில் டிக்கெட்டுக்கு என்ன பண்றீங்க?”

“செங்கல்பட்டு ஸ்டேஷன்ல போயி வரிசையில நிப்பேன் சார்.”

“எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இருக்காது?”

“ஏழு, ஏழரைக்குப் போகணும் சார்.”

பேராசிரியர் அதை எழுதி அடிக்கோடு போட்டார். “கூட வேலை செய்யறவங்க கேலி பண்றாங்களா?”

“கொஞ்சம் பண்ணுவாங்க சார்.”

“பண்ணுவாங்க” என்று பேராசிரியர் தலையை ஆட்டினார்.

அம்சவல்லி நேராக விஷயத்துக்கு வந்தார். “உங்க ரத்தம் கொஞ்சம் வேணும். செல்லுக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. உடம்பு அப்பப்ப எழுதி அனுப்பற துண்டுச் சீட்டு மாதிரி. ஓயாம ஸ்க்ரீன் பார்க்கறவங்களுக்கும் பார்க்காதவங்களுக்கும் அதுல வித்தியாசம் இருக்கான்னு பார்க்கறோம். ரெண்டு வாரம் கழிச்சு வரேன்.”

அறைக்கு வந்து கூட இருக்கும் இசக்கிபாண்டியிடம் சொன்னான். இசக்கிபாண்டி ஐ.டி.ஐ. படித்தவன். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பான்.

“சோலி முடிஞ்சிது. துண்டுச் சீட்டுன்னு அந்தம்மாவே சொல்லுதாங்கல்லா? நீ என்னைக்கு என்ன பாத்தேன்னு வரிசையா வந்துரும்ல.”

“ரத்தத்துலயா?”

“பின்ன? ரெண்டு வாரம் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரு. பழைய சீட்டெல்லாம் அழிஞ்சிரும்.”

உச்சிமாகாளி அன்றைக்கே ஃபேஸ்புக் கணக்கை மூடினான். ஃபோன் கையில் இருந்தால் மனசு கேட்காது என்று அதையும் இசக்கிபாண்டியிடம் கொடுத்துவிட்டான்.

நாலாம் நாள் கனகலட்சுமி அழைத்தாள். ஃபோனை எடுத்தவன் இசக்கிபாண்டி.

“அவங்க எங்கண்ணே? கணக்கையே காணலயே. என் மேல கோவமா?”

“கோவமெல்லாம் இல்லம்மா. அவன் நல்லா இருக்கான். ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, அதான் கொஞ்சம் ஒதுங்கி இருக்கான்.”

கனகலட்சுமி ஃபோனை வைத்துவிட்டாள். பெண்ணைச் சமாதானப்படுத்திவிட்டதாக இசக்கிபாண்டி நினைத்துக்கொண்டான். அதை உச்சிமாகாளியிடம் சொல்லவும் இல்லை, வேலைக்கு நடுவே மறந்துபோனான்.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. எச்.ஆர். அறையில் கோதண்டமும் பேராசிரியரும் பார்த்துக்கொண்டிருக்க, உச்சிமாகாளி கையை நீட்டினான். அம்சவல்லி கையுறை மாட்டிக்கொண்டு ரத்தம் எடுத்து, குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். அப்போது செக்யூரிட்டி ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் மஞ்சள் பை, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த முகம். கனகலட்சுமியின் அப்பா கொம்பையா.

ஐஸ் பெட்டியையும் மாப்பிள்ளையின் கையில் இருந்த பஞ்சையும் பார்த்ததும் கொம்பையா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டரம்மா, மறைக்காமச் சொல்லுங்க. இவருக்கு என்ன வியாதி?”

“வியாதியா? அவர் நல்லா இருக்காரே.”

“நல்லா இருக்கவரு ரத்தத்த எதுக்கு ஐஸ்ல வைக்கீங்க?”

“ஆர்.என்.ஏ. சூட்டுல கெட்டுப்போயிடுங்க, அதுக்காக. இவர் இன்டர்நெட் பார்க்காதவர், அதனால எடுக்கறோம்.”

“யாரு? மாப்ளையா?” கொம்பையா குழம்பிப்போனார். “தினம் எம் மவகிட்ட ஃபேஸ்புக்ல மூணு மணி நேரம் பேசுவாரே. அது ரெண்டு வாரமா நின்னு போச்சுன்னுதானே அவ சோறு திங்காம கெடக்கா.”

கோதண்டம் தன் மேசை மேல் இருந்த லிஸ்டைப் பார்த்தார். உச்சிமாகாளி தரையைப் பார்த்தான். பிறகு பஸ் கதையை ஒன்று விடாமல் சொன்னான்.

முதலில் சிரித்தது அம்சவல்லிதான். “ஆம்னு சொன்னா நாற்பத்தாறு கேள்வின்னு வச்சது நாங்க. தப்பு எங்க மேலயும்தான். இந்த ரத்தம் வீணாகாது. பார்க்கறவங்க கணக்குல போட்டுக்கறேன்.”

கோதண்டம் சிரிக்கவில்லை. “லைன்ல வேலை பண்ணும்போது ஃபோன் எடுத்திருக்கியா?”

“ஒரு நாள் கூட இல்ல சார். பஸ்லயும் ரூம்லயும்தான்.”

கோதண்டம் சூப்பர்வைசரிடம் ஃபோனில் விசாரித்துக்கொண்டார். பிறகு லிஸ்டில் உச்சிமாகாளியின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். “இங்கயே உக்காந்து அந்த நாற்பத்தாறையும் எழுதிக் குடுத்துட்டுப் போ.”

மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவன் ஒவ்வொன்றாக நிரப்பினான். ‘அதிகமாக யாருடன் பேசுவீர்கள்?’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“எழுதுங்க மாப்ள” என்றார் கொம்பையா. “நமக்குத் தெரிஞ்ச பிள்ளைதானே.” வியாதி இல்லை என்று தெரிந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பையிலிருந்து முறுக்கை எடுத்து எச்.ஆர். மேனேஜருக்கே நீட்டினார்.

உச்சிமாகாளிக்கும் இரண்டு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. பேராசிரியர் மட்டும் நோட்டை மூடி, வாடிய முகத்தோடு போய், அவர்கள் வந்த வேனின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

உச்சிமாகாளி ஐஸ் பெட்டியை வேன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனான். டிரைவர் ராஜாமணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். “சார் மனசு ரொம்ப உடைஞ்சு போச்சுண்ணே. என்னால அவர் ஆராய்ச்சி நின்னுருமோ?”

“அதெல்லாம் நிக்காதுப்பா. நெட்டே தெரியாத ஆளு ஒர்த்தரு ஏற்கெனவே ரத்தம் குட்த்துட்டாரு, தொணைக்கு இன்னொர்த்தன் சிக்கிட்டான்னு ரெண்டு வாரமா குஷியா இருந்தாரு” என்ற ராஜாமணி, பின் சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் இறக்கினார். “அவருக்கு வர்ற மெயிலெல்லாம் நான்தான் என் ஃபோன்ல பட்ச்சு சொல்லிகினு கீறேன்.”