மாமா சாவுக்கு நான் போட்ட ஓட்டைகள்

சாவு வீட்டில் ஆட்களைச் சிரிக்க வைத்த பாவி நான். அதுவும் சொந்த மாமா சாவில். எண்பதுகளின் நடுவில், காரைக்காலில் நடந்தது.

மாமா என்றால் அத்தையின் கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து ஒரு வாத்தியம் கொண்டுவந்திருந்தார். ஓட்டை போட்ட காகிதத்தை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் ஆர்மோனியக் குரலில் தானாகப் பாடும். நான் அப்போதுதான் சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன் (ஆறு மாதக் கோர்ஸ், அலட்டல் ஆறு வருடத்துக்கு).

"இதுவும் கம்ப்யூட்டர்தான் மாமா. ஓட்டைதான் புரோகிராம். காகிதத்த மாத்தினா பாட்டு மாறுது பாருங்க."

"எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியுமா மாப்ள?"

"தெரியாது. சுத்துறவன்தான் நிறுத்தணும்."

"அப்ப அது பொம்மை. போயி வேலயப் பாரு."

படுக்கையில் விழுந்த பிறகும் அவர் விடவில்லை. "ஒங்க அத்தைக்குப் புடிச்ச மாதா பாட்டுக்கு ஓட்டை போட்டுக் கொண்டா, ஒத்துக்குறேன். நான் செத்தா அத மூணு தடவ வாசி. முடிஞ்சப்பறந்தான் என்னத் தூக்கணும்."

ஒரு வாரம் பிளேடும் கையுமாக உட்கார்ந்தேன். காகிதம் ஒரு தடவைக்குத்தான் போதுமானதாக இருந்தது. முனைகளை ஒட்டி வளையமாக்கிவிட்டேன் (அறிவாளி!). மாமா அதைக் கேட்காமலே போய்விட்டார். அது இன்னும் வலிக்கிறது.

அடக்கத்தன்று, சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் தயாராக நிற்க, சுற்ற ஆரம்பித்தேன். நடுவில் ஓர் ஓட்டை இடம் தப்பியிருந்தது. மிதிபட்ட கோழி மாதிரி ஒரு கத்தல். எல்லோரும் திடுக்கிட்டார்கள். இரண்டாவது சுற்றில் அதே இடத்தில் அதே கோழி. மூன்றாவதில் தூக்க வந்தவர்களே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

மூன்று முடிந்ததும் கையை எடுக்கப் போனேன். பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சாடா?"

ஆமாம் என்றால் தூக்கிவிடுவார்கள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை."

மறுபடி சுற்றினேன். மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். வெயில் ஏறியது. பாதர் கடிகாரத்தைப் பார்த்தார். "யாராச்சும் அந்தக் காயிதத்தக் கிழிங்கப்பா" என்று வரிச்சிக்குடியிலிருந்து வந்திருந்த சித்தப்பா பல்லைக் கடித்தார். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

பதினோராவது கோழிக்கு அத்தை சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். என் கைமேல் கையை வைத்து, "போதும்டா. மூணு எப்பவோ ஆயிடுச்சு, எனக்குத் தெரியும். தூக்கச் சொல்லு" என்றாள்.

அது புரோகிராம் மிஷின்தான், சந்தேகமே இல்லை. என் தப்பைப் பதினோரு தடவை பிசகாமல் செய்து காட்டியது. நிறுத்தத் தெரியாத பொம்மை நான்தான்.

இப்போதும் வீட்டில் நான் பேச்சை இழுத்தால் யாராவது "முடிஞ்சிடுச்சாடா?" என்பார்கள். பல வருடம் கழித்து அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவளே என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குடா" என்றாள். பிறகு மெல்ல, அந்தக் கோழி மாதிரி கத்திக் காட்டினாள்.