வேப்பமரத்தடியில் சம்பந்தியம்மாள்

பெரிய காஞ்சிபுரம்,
ஆடி மாதம், வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மாள் திருமதி இந்திராணி அவர்களின் சமூகத்திற்கு, மங்கையர்க்கரசி கைலாசம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் கணவரும் அவருடைய தறியும் நலமாக இருக்கிறோம். சென்னையில் தாங்களும், மாப்பிள்ளை ஆனந்தகுமாரும், தங்கள் இல்லத்தில் மருமகளாக விளங்கும் என் மகள் கலைவாணியும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தங்கள் மகளிர் மன்றம் நடத்தவிருக்கும் கைவினைக் கண்காட்சிக்கு என் படைப்பை ஆடி பிறக்கும் முன்பே அனுப்பிவைப்பதாக வாக்களித்த நான், ஆடி முடியப்போகும் இந்நாள் வரை அதையும் அனுப்பாமல், காரணத்தையும் எழுதாமல் இருந்துவிட்டேன். இந்தக் காலதாமதத்தைத் தாங்கள் பெருந்தன்மையுடன் பொறுத்தருள வேண்டும். இதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருக்கலாம். ஆனால் வருகிற பதிவையெல்லாம் தாங்கள் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது வழக்கம் என்று கலைவாணி சொல்லியிருக்கிறாள். இது தாங்கள் தனியே, இயன்றால் உட்கார்ந்தபடி, அறிய வேண்டிய செய்தி.

சென்ற பொங்கலுக்கு இங்கு எழுந்தருளியபோது என் அலமாரியிலிருந்த படைப்புகளைப் பார்வையிட்டு, "இதையெல்லாம் காயலான் கடைக்குப் போடலியா?" என்று தாங்கள் வினவியது நினைவிருக்கலாம். புறப்படும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, "சும்மாத்தானே இருக்கீங்க, எங்க எக்ஸிபிஷன்ல உங்களுக்கும் ஒரு டேபிள் போட்டுத் தர்றேன், இந்த மண்ணு பொம்மை எதையாவது கொண்டாந்து வைங்க" என்றும் அருளினீர்கள். அம்மா, அது மண்ணு பொம்மை அன்று. கலப்பு ஊடகக் கலை. நான் எந்த ஓவியப் பள்ளியின் படியையும் மிதித்தவளல்லள். யூடியூபில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ஆங்கிலத்தாலும் கைகளாலும் விளக்க, கைகளால் விளக்கியதை முழுமையாகக் கற்றுத் தேர்ந்தவள். காற்றில் உலரும் களிமண் என்று ஒன்று பொட்டலத்தில் வருகிறது. சூளை வேண்டாம், தானே உலர்ந்து கல்லாகும். ஆனால் தண்ணீர் பட்டால் மீண்டும் மண்ணாகும். அந்தக் களிமண்ணில், கீழே கிடந்து கண்டெடுத்த பொருள்களைப் பதித்து உருவம் படைப்பதே இக்கலை. 'எதையாவது' என்ற தங்கள் சொல் என் தூக்கத்தைக் கெடுத்தது. அன்றே முடிவு செய்தேன்: தங்கள் திருவுருவத்தையே படைத்து, தங்கள் மேஜையில், தங்கள் தோழியர் அனைவரும் நின்று பார்க்கும்படி வைத்து, பக்கத்தில் என் பெயரட்டையோடு நான் நிற்பது.

படைத்தேன். மார்பளவு உருவம். தலைக்கு உள்ளே காலியான பெயின்ட் வாளி. அதன் மேல் களிமண். கண்களுக்கு மெக்கானிக் கடை வாசலில் கிடந்த மொபெட்டின் இரண்டு சைடு மிரர்கள். புருவத்துக்கு, தறியில் ஊடை நூலைச் சுமந்து இப்படியும் அப்படியும் ஓடுமே, அந்த நாடா ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. அதை இரண்டாகப் பிளந்துகொண்டேன். கூந்தலுக்கு அறுந்த கறுப்புப் பட்டு இழை. பற்களுக்குச் சட்டைப் பொத்தான்கள். வாயைச் சற்றுத் திறந்தே வைத்திருக்கிறேன். தாங்கள் பேசும் நிலையில்தான் தங்களை நான் அதிகம் தரிசித்திருக்கிறேன். மூக்குதான் எளிதில் அமையவில்லை. பக்கத்து வீட்டு வடிவின் துவைக்கிற கல்லின் மேல் குக்கர் வெயிட் ஒன்று கிடந்தது. கிடந்த பொருள் எனில் கண்டெடுக்கலாம் என்பது கலையின் விதி. மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

உலர்த்த வேண்டிய கட்டம் வந்தது. என் கணவர் தறிக்குழியிலிருந்து தலையை மட்டும் தூக்கி, "பட்டு இருக்கற எடத்துல ஈரத்த வெச்சிக்கினு இருக்காதே. வெளியே கொண்டும்போய் வையி" என்றார். எனவே எங்கள் வீட்டுப் பக்கச் சுவரோரம், தெரு திரும்புமிடத்தில் நிற்கும் மரத்தின் நிழலில் தங்களை அமர்த்தினேன். அது வேப்பமரம். களிமண் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் ஈரத் துணி போர்த்த வேண்டும். கைக்கு அகப்பட்டது மஞ்சள் துணி. நான் சேர்த்த மைதாப் பசைக்கு எறும்பு வந்தது. எனவே தங்களைச் சுற்றி மஞ்சள் தூளால் ஒரு வளையம் போட்டேன். காக்கை அந்தக் கண்ணாடிக் கண்களைக் கொத்த வந்தது. எனவே வேப்பிலைக் கொத்து இரண்டைத் தோளருகே செருகினேன். காலையும் மாலையும் துணியின் மேல் நீர் தெளித்து, எங்காவது விரிசல் கண்டிருக்கிறதா என்று குனிந்தவாறே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஒருநாள் தாடையில் ஒரு கீறலைக் கண்டு, "தாயே, வெடிச்சிடாதே, என் மானத்தைக் காப்பாத்து" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவை ஒவ்வொன்றும் தொழில்நுட்பம் அம்மா. ஆனால் ஆடி மாதத்தில், வேப்பமரத்தடியில், இவையெல்லாம் சேர்ந்தால் என்னவாகத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தெருவுக்குத் தோன்றிவிட்டது.

முதலில் ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று எண்ணி ஊறுகாயில் போட்டுவிட்டேன். மறுநாள் அகல் விளக்கு. அதற்கு மறுநாள், துணியை விலக்கித் தங்கள் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வடிவு நிற்கிறாள்.

"ஏங்க்கா, யாருக்கும் சொல்லாம நீ மட்டும் கும்பிட்டுக்கினு கீறியே, நாங்கல்லாம் இந்தத் தெருவுல இல்லையா?"

"வடிவு, இது சாமியன்று. இது கலப்பு ஊடகக் கலை."

"அந்தக் கோயிலு எந்த ஊர்ல இருக்குது?"

நான் விளக்கத் தொடங்குமுன் அவள் பார்வை மூக்கில் நிலைத்தது. "இது என் குக்கர் வெயிட்டு மாதிரி இருக்குதே" என்றாள். கண்டெடுத்த பொருள் குறித்த விதியை எடுத்துரைக்க நான் ஆயத்தமானேன். அவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என் வூட்டுக்கே வந்து கேட்டு வாங்கிக்கினா பாரு. விசில் இல்லாம பருப்பே வேகலக்கா. எனக்கு அப்பவே வெளங்கியிருக்கணும்."

அன்று மாலையே அவள் பெண்களைக் கூட்டிக்கொண்டு சொம்பு நிறையப் பாலோடு வந்தாள். நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தவள், அபிஷேகம் என்ற சொல் காதில் விழ, ஈரத் தலையை முடியாமலே ஓடினேன். "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க, தண்ணி பட்டா கரைஞ்சிடுவா" என்று கத்தியதாக நினைவு. விரிந்த தலை, ஈரச் சேலை, உரத்த குரல். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி முகத்தில் வேப்பிலையால் அடித்தாள்.

"வந்திருக்கறது யாரும்மா?" என்று வடிவு கைகட்டிக் கேட்டாள்.

"மங்கையர்க்கரசி வந்திருக்கேன், கையை விடு."

"என்னா வோணும், சொல்லும்மா?"

"என் பொம்மை வோணும்."

அந்தப் பதிலை விட்டுவிட்டார்கள். தண்ணி பட்டால் கரைவாள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எத்தனையோ கோயில்கள் உள்ள இவ்வூரில் அபிஷேகமே வேண்டாம் என்று தானே வாய்திறந்து சொன்ன அம்மன் இவள்தான் என்று பேச்சு பரவி, இப்போது ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறார்கள். கண்ணாடியம்மன் என்று பெயரும் சூட்டியாயிற்று. வருகிற பெண்கள் தங்களுடைய கண்ணாடி விழிகளில் முகம் பார்த்துப் பொட்டைத் திருத்திக்கொண்டு, அதன் பிறகே கும்பிடுகிறார்கள். மழைக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கலைநோக்கில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. உலர்தல் சீராக நடைபெறுகிறது.

ஆடிப்பூரத்துக்கு வந்திருந்த கலைவாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கள் முன் போய் நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். "அம்மா, இந்த அம்மனைப் பாத்தா, ஏன்னே தெரியல, உள்ளே போயி காபி கலந்து எடுத்தாரணும்போல இருக்குது" என்றாள். அவளை அதட்டி, உண்மையைச் சொல்லி, தங்களிடம் வாய்திறப்பதில்லை என்று சத்தியமும் வாங்கினேன். அவள் தங்கள்பால் கொண்டிருக்கும் பக்தியைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். தயவுசெய்து அவளை ஒன்றும் கேட்க வேண்டாம்.

வீட்டிலாவது ஆதரவு உண்டா என்றால் அதுவுமில்லை. தாங்கள் அமர்ந்திருக்கும் அந்தச் சுவரோரம் ஆண்கள் அவசரத்துக்கு ஒதுங்கும் இடமாக இருந்தது. தறி வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான். தாங்கள் வந்த பிறகு ஒருவனும் ஒதுங்குவதில்லை. "நாம கல்யாணம் கட்டிக்கினதுலருந்து சாத்தி வெச்ச ஜன்னலு" என்கிறார் என் கணவர். "இப்பதான் தொறந்து வெச்சிக்கினு காத்தோட்டமா நெய்யறேன். சம்பந்தியம்மா இங்கியே இருக்கட்டும்மா. மெட்ராஸுல அவங்களுக்கு என்னா வேலை?"

ஆனால் கண்காட்சி அடுத்த வாரம். அந்த மேஜை காலியாக இருக்க, தங்கள் தோழியர் வந்து "இது யாருது?" என்று கேட்க, தாங்கள் "எங்க சம்பந்தி ஏதோ மண்ணு பொம்மை கொண்டாரேன்னாங்க, வரல" என்று சொல்வது என் காதில் இப்போதே கேட்கிறது. அதற்கு இடங்கொடேன். நேற்று மரத்தடியில் தெருவையே கூட்டி முறையிட்டேன். இது என் சம்பந்தியம்மாளின் உருவம், உள்ளே இருப்பது பெயின்ட் வாளி என்று கைப்பிடியைத் தூக்கியே காட்டினேன். "சாமின்னா உள்ளே ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யும்க்கா" என்றாள் வடிவு. "உன் சம்பந்தி ரூபத்துல வந்திருக்குது, அவ்ளோதான். வந்த அம்மாவை அனுப்பணும்னா அம்மாவையே கேட்டுருவோம். பூ கட்டிப் பாக்கலாம்."

சம்மதித்துவிட்டேன். நாளை வெள்ளிக்கிழமை காலை பூ கட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்திலும் செவ்வரளி ஒரு பொட்டலத்திலும் மடித்துத் தங்கள் முன் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் தாங்கள் சென்னைக்குப் புறப்படச் சம்மதம். சிவப்பு வந்தால் இங்கேயே வாசம். அம்மனை முதன்முதலில் கண்டவள் என்ற முறையில் பொட்டலம் கட்டும் பொறுப்பை என்னிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். தங்களிடம் மட்டும் சொல்கிறேன்: சற்றுமுன் கட்டி முடித்தேன். இரண்டிலும் வெள்ளைதான். இதை ஏமாற்று என்று கருதலாகாது. படைத்தவளுக்குப் படைப்பின் மேல் உள்ள உரிமை இது.

ஆகவே தாங்கள் அந்த மேஜையை வேறு எவருக்கும் ஒதுக்கிவிடாமல், நடுநாயகமாக, மின்விசிறிக்கு நேர் கீழே வராமல் போட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயரட்டையில் 'மங்கையர்க்கரசி கைலாசம், கலப்பு ஊடகக் கலைஞர்' என்று முழுமையாக எழுதப்பட வேண்டும். நெற்றியில் இட்ட குங்குமம் துடைத்தும் போகவில்லை. நேரில் வைத்துப் பார்த்தால் அது தங்களுக்கு எடுப்பாகவே இருக்கும். ஞாயிறன்று டாக்சியில், தங்களை என் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பும் கலைவாணிக்கு எங்கள் ஆசியும் உரித்தாகுக. தங்களுக்கு நான் என்ன சொல்லி முடிப்பது. தெருவே நாள்தோறும் கைகூப்பிச் சொல்வதையே நானும் சொல்லி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உறவிலும் மதிப்பிலும் என்றும் குறையாத,
மங்கையர்க்கரசி கைலாசம்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பூ பார்த்தாயிற்று. எதிர்வீட்டுக் குழந்தை சிம்ரன் ஒரு பொட்டலத்தை எடுத்தாள், வடிவு பிரித்தாள், சிவப்பு. இன்னொன்றையும் பிரிக்கச் சொன்னேன். அதுவும் சிவப்பு. இரண்டிலும் அம்மா ஒரே பதிலைச் சொல்லிவிட்டாள் என்று தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருநாளும் சாமி கும்பிட வராத தங்கள் சம்பந்தி, அதாவது என் கணவர், இன்று முன்வரிசையில் நின்று வேப்பங்கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையின் ஓரத்தில் செவ்வரளி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. நான் கட்டிய வெள்ளைப் பூ எங்கே என்று அவரைத் தெருவில் வைத்துக் கேட்க நாக்கு வரை வந்தது. அது நான் கேட்கக்கூடிய கேள்வியா, தாங்களே சொல்லுங்கள்.

ஆகவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து. மேஜையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பூ பார்த்து முடிந்ததும் பெருங்கோபத்தோடுதான் போய்க் கும்பிட நின்ற கூட்டத்தின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற யாரும் அவசரப்படவில்லை. புருவத்தைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், பட்டுக் கூந்தலை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். தங்கள் மன்றத்துக்கு எத்தனை பேர் வந்தாலும், என் வேலையை இவ்வளவு நேரம், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று யார் பார்க்கப்போகிறார்கள்?

கடைசி ஆடி வெள்ளிக்குத் தங்களுக்குப் பொங்கல் படைக்கிறார்கள். தங்களுக்குச் சர்க்கரை வியாதி உள்ளது இத்தெருவில் எனக்கு மட்டுமே தெரியும். வெல்லம் போடச் சொல்வதா, மிளகு போடச் சொல்வதா? விரைவில் பதில் எழுதவும்.