சத்தமாக எழுதிய கேசட் அண்ணன்

மைசூரில் கேசட் அண்ணனைவிடச் சத்தமாக எழுதிய எழுத்தாளர் இன்னும் பிறக்கவில்லை. மற்றவர்கள் எழுதினால் பேனா தேயும். இவர் எழுதினால் பக்கத்து அறைக்காரன் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வான். அந்தப் பாவி நான்தான்.

தொண்ணூறுகளில் ஹெப்பாள் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பிரம்மச்சாரிகள் தங்கிய லாட்ஜ் அது. அண்ணனுக்கு ஊர் கொள்ளேகால் பக்கம், லேத்தில் வேலை. எங்கள் நாடகக் குழுவுக்கு வருஷாவருஷம் நாடகம் அவருடையதுதான். அறைக் கதவைச் சாத்தி, டேப் ரிக்கார்டரை அழுத்திவிட்டு, எல்லாப் பாத்திரமாகவும் அவரே பேசித் தீர்ப்பார். அதற்குப் பெயர்தான் எழுதுவது! நடிகர்களுக்குக் காகிதமே கிடையாது, ஆளுக்கொரு கேசட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகள் வீட்டை விட்டு வெளியேறும் காட்சி. அண்ணன் பெண் குரலில் ஓவென்று அழ, லாட்ஜ் முதலாளி கௌடர் ஓடிவந்து கதவை இடித்தார்.

"ஏன்ரீ இது! லாட்ஜுக்குள்ள லேடீஸா? யாரு ரீ அழறது?"

"நான்தானுங்க," என்று முகத்தைத் துடைத்தபடி வந்தார் அண்ணன்.

கௌடர் நம்பாமல் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அப்புறம் டேப்பைப் போட்டுக் கேட்டவர், கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ பாப! பாவம் ரீ! அந்தப் பொண்ணு திரும்பி வர்றாளா இல்லையா ரீ? அதைச் சொல்லுங்க, நான் போறேன்."

மேடையில்தான் வினை. கேசட்டில் என்ன பதிவாகியிருந்தாலும் நடிகர்கள் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள். கதாநாயகன் முருகேசன் காதலியின் கையைப் பிடித்து, "உன்னைப் பிரிந்து நான்..." என்று உருகினான். லொக் லொக்கென்று இருமினான். "பால் வேணாம்ப்பா, நாளைக்கு வா!" என்று மேடையோர விங்ஸ் பக்கம் கத்திவிட்டு மறுபடி உருகினான். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. திரைக்குப் பின்னால் பிடித்து உலுக்கினால், "கேசட்ல அப்படித்தாங்க இருந்துச்சு!" என்கிறான்.

இதற்குப் பிறகு குழுவுக்குப் புதுச் செயலாளர் வந்தார். பணி ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. எழுத்தில் கொடுத்தால்தான் மேடை என்று கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணனுக்காக நான் கேசட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அதுவே வம்பாகப் போயிற்று.

"கையெழுத்து உங்களுது. இந்த ஆள் ஒரு வரி எழுதி யாரும் பார்த்ததில்ல. அழைப்பிதழ்ல உங்க பேரைத்தான் போடணும்," என்றார் என்னிடம், அண்ணன் எதிரிலேயே. "இவர்தான் எழுதினார்னா இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும், பார்ப்போம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணன் காகிதத்தை வாங்கினார். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று வழக்கமான பொய்யைச் சொல்லித் தப்பிப்பார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"எனக்குப் படிக்க வராதுங்க. எழுத்தெல்லாம் எடம் மாறி எடம் மாறி ஓடுதுங்க. மக்குன்னு வாத்தியார் அடிச்சே தொரத்திட்டாருங்க. ஆனா கதை என்னுதுங்க. எங்க வேணும்னாலும் ஆரம்பிங்க, நான் சொல்றனுங்க."

செயலாளர் நடுவிலிருந்து ஒரு வரியைப் படித்தார். அண்ணன் பிடித்துக்கொண்டார். மாமியாராகத் திட்டினார், மருமகளாக விக்கினார். திடீரென்று நின்றார். "இது சரியில்லீங்க. அவ அழக்கூடாது. 'அடுப்புல பால் இருக்கு, பொங்கிரப்போகுது'ன்னு சொல்லிட்டுத்தான் படி எறங்கோணும்."

செயலாளர் மூக்கை உறிஞ்சினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய வசனத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டார்.

மாமியார் வேஷம் போடும் கமலா டீச்சர்தான் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுக்கு டிஸ்லெக்ஸியான்னு பேருண்ணே. எங்க டிரெயினிங்ல சொன்னாங்க. மக்குன்னு அர்த்தமே இல்ல. பேரு வாங்கின பெரிய எழுத்தாளர், விஞ்ஞானிக்கெல்லாம் இருந்திருக்கு."

"இதுக்குப் பேரு இருக்குதுங்களா?" லாட்ஜையே அதிரவைத்த குரல் அன்று எழும்பவே இல்லை. "அப்ப... நான் மட்டும் இல்லீங்களா, டீச்சர்?"

அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தார். "தம்பி, எம் பேரு எங்க இருக்குது?" காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். ஹெப்பாள் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், விரல் மட்டும் எழவில்லை. "இளீரி ஸ்வாமி, இளீரி!" என்று கண்டக்டர் விரட்டினார். அண்ணனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இறங்குங்கள் என்று சொல்ல மனசு வராமல், நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.